அசையாமல் நின்றால் தெரியாதாம்

எனக்கு மல்லாட்டை ஒத்துக்கொள்ளாது, இன்ஸ்பெக்டர் மேடம். வாயில் நாலு கடலை போட்டாலே நெஞ்சு கரிக்கும். அப்படியிருக்க, அன்றைக்கு ஒலக்கூர் கடையில் வேர்க்கடலையைப் பெரிய பொட்டலமாக ஏன் வாங்கினேன் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். என் மனைவி கலைப்பிரியாவின் தம்பி வல்லரசு செல்போனில் தொடர்கதை எழுதுகிறான். டைனோசர் கதை. செஞ்சி மலையிலிருந்து ஒன்று இறங்கித் திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு வருகிறது. எல்லாரும் ஓட, கதாநாயகன் மட்டும் அசையாமல் நிற்கிறான். அது முகத்துக்கு நேரே வந்து மூச்சு விட்டுவிட்டுப் போய்விடுகிறது.

தப்பு என்று தன்மையாகத்தான் சொன்னேன். அதன் கண்கள் முன்னோக்கி இருந்தவை, பருந்துபோலத் தூரத்தைக் கணிக்கும். மோப்பத்துக்கென்றே மூளையில் பெரிய பகுதி இருந்தது. நின்றாலும் உட்கார்ந்தாலும் அதற்கு நீ சாப்பாடுதான் என்றேன்.

"அசையறத மட்டுந்தான் மாமா அது பாக்கும். சும்மா நின்னா மரம்னு நெனச்சிக்கினு போயிடும்."

"யாருடா சொன்னது?"

"எல்லாக் கதையிலயும் அப்பிடித்தான வருது. படிக்கிறவங்களே ஒத்துக்கினாங்க. உங்களுக்கு என்னா பேஜாரு?"

எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லிப் புரியாததைச் செய்துகாட்ட வேண்டியது ஆசிரியன் கடமை.

ஒலக்கூர்ப் பக்கம் என் மாமனார் நிலத்தில் ஒரு ஈமு கோழி இருக்கிறது. யாரோ பண்ணையை மூடும்போது விட்டுச் சென்றது. ஆளுயரம், கால் ஒவ்வொன்றும் உலக்கை. பறவைகள் டைனோசர் வழி வந்தவை. உள்ளூரில் கிடைப்பதை வைத்துத்தானே சோதனை செய்ய முடியும்? ஞாயிற்றுக்கிழமை அங்கே குடும்பத்தோடு சாப்பிட்ட பிறகு, அதன் முன்னால் உன் கதாநாயகன்போல நின்றுகாட்டு, வீடியோ எடுக்கிறேன் என்றேன். வீடியோ என்றதும் தலையைச் சீவிக்கொண்டு அவனே வேலிக்குள் போனான். நான் தள்ளவில்லை.

வேலிக்கதவு காற்றில் சாத்திக்கொண்டது என்று உங்கள் ஏட்டிடம் சொல்லியிருந்தேன். அன்று காற்று இல்லை. கொக்கியை நான்தான் மாட்டினேன். பாதியில் ஓடிவந்துவிட்டால் சோதனை கெட்டுவிடும். முதல் நாளே அங்கே போய், ஈமுவுக்கு நான் தீனி வைக்கிறேன் என்று மாமியாரிடம் சொன்னேன். வைக்கவில்லை. வயிறு நிறைந்த விலங்கு உண்மையைச் சொல்லாது. மல்லாட்டையை அவன் சட்டைப்பையிலும் பேன்ட் பையிலும், கொறித்துக்கொள் என்று நிரப்பிவிட்டேன். மோப்பத்தையும் கையோடு பார்த்துவிடலாமே.

அவன் நன்றாகவே நின்றான், அதைச் சொல்லியாக வேண்டும். ஈமு நேராக வந்தது. முதலில் சட்டைப்பையைக் கொத்தியது, பிறகு மூக்குக்கண்ணாடியை.

"மாமா, ஜல்தி தொறங்க மாமா," என்றான் உதடு பிரியாமல்.

"அசையாதடா. மரம்னு நெனச்சிக்கினு போயிடும்," என்றேன்.

பேன்ட் பையைக் கொத்தியபோது அசைந்துவிட்டான். ஒரே உதை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும் சத்தம் வீடியோவில் சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. அசைந்த பிறகுதானே உதைத்தது என்று இப்போதும் வாதாடுகிறான்.

கலைப்பிரியா ஓடிவந்து கொக்கியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏங்க, நீங்களா மாட்னீங்க?" என்றாள். பாதுகாப்புக்கு என்றேன். அவள் உங்களிடம் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

அந்தக் கதையில் ஒரு பேராசிரியர் வருகிறாரே என்று கேட்டீர்கள். ஆமாம், பெயர் முருகையா. நான் முருகையன். தற்செயலாக இருக்கலாம். 'அது பார்க்கும், ஓடுங்கள்' என்று கத்திக்கொண்டே ஓடி, வேட்டி அவிழ்ந்து, புதுச்சேரி பஸ் பக்கத்தில் விழுங்கப்படுகிறார். அதைப் படித்ததிலிருந்து, நான் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் அப்படியே சிலையாகிவிடுகிறார்கள். அசையாவிட்டால் என் கண்ணுக்குத் தெரியாதாம். சங்கவி என்று ஒரு பெண், வாயில் பாதி இட்லியோடு மணி அடிக்கும்வரை நின்றாள். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. நான் செய்தது அறிவியல்.

நேற்று வல்லரசை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மாவுக்கட்டோடு அடுத்த அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தான். இதில் கதாநாயகன் கிணற்றுத் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்கிறான், டைனோசருக்கு வாசனை எட்டவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "அது போற வரைக்கும் மாமா," என்றான். நான் வாதாடவில்லை. கால் சரியானதும் திருவெண்ணெய்நல்லூருக்கு வா, எங்கள் கரும்புக்கொல்லைக் கிணற்றைக் காட்டுகிறேன் என்றேன். சந்தோஷப்பட்டான். நீச்சல் தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.

தெரியாதாம்.