எந்த வாரம் நல்லா இருந்தேன்?

அசையாதீங்க சார், அசைஞ்சா ஈறுல குத்திடும்... ஆங், அப்படியே. அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன், வீட்டை விட்டு ஓடிப் போன பையன் சார் அவன்! ஓடிப் போனவன் பேர்ல ஒரு காலேஜு! புனித ஸ்டானிஸ்லாஸ் கோஸ்ட்கா. எங்க போலந்துக்காரப் பையன்தான், பெருமைதான், இல்லேங்கல. ஆனா என்ன பண்ணினான்? வீட்ல சொல்லாமக் கொள்ளாம வியன்னாவுலேர்ந்து ரோமுக்கு நடந்தே போயிட்டான். எதுக்கு? சேசு சபைன்னு சாமியாருங்க சபை, அதுல சேர. அப்பன் கத்தறான், கடுதாசி போடறான், புள்ள திரும்பல. பதினெட்டு முடியறதுக்குள்ள காய்ச்சல் வந்து செத்தும் போயிட்டான். அவனைப் புனிதர் ஆக்கிட்டாங்க. அவனைப் பெத்தவளை யாராவது ஏதாவது ஆக்கினாங்களா? அந்தக் காலேஜுக்குத்தான் என் பொண்ணு போகணுமாம்.

வாயைப் பெரிசா. இன்னும். அந்தக் கீழ்வரிசைப் பின்பக்கம் சுண்ணாம்புச் சுவரு மாதிரி காரை கட்டியிருக்கு. எத்தனை வருஷமாச்சு பல்லைக் காட்டி? வேணாம், சொல்லாதீங்க, வாயை மூடாதீங்க. வலிச்சா இடது கையைத் தூக்குங்க. சும்மா தூக்காதீங்க.

என் பொண்ணு பேரு வெண்டலின். வெண்டின்னு கூப்பிடுவோம். பதினெட்டு வயசு. பதினாலு வயசுல, கோயில்ல உறுதிபூசுதல் சடங்குக்கு வெள்ளைக் கவுனெல்லாம் தெச்சு வெச்ச பிறகு, 'ம்மா, எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்ல'ன்னுட்டா. எப்ப சொல்றா? கோயில் ஹால்ல, தவக்காலத்து வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டு வரிசையில! முன்னாடி மரிய சபைத் தலைவி தட்டோட நிக்கிறா. அவ கையிலேர்ந்து முட்டைக்கோஸ் சாலட் அப்படியே கீழ. அந்தப் பொண்ணு சார், இப்ப அந்தச் சேசு சபைச் சாமியாருங்க நடத்தற காலேஜுக்குப் போகணும்ங்கறா. அதுவும் ஏழு மணி நேரம் காரு ஓட்டிக்கிட்டு. இங்க நம்ம ஈரி ஊர்லயே, எங்க வீட்லேர்ந்து ரெண்டு சிக்னல் தாண்டினா அரசாங்கக் காலேஜு இருக்கு. நல்ல காலேஜு. நான் படிச்சது அங்கதான். என்ன குறை எனக்கு?

...நீங்க பதில் சொல்ல வேணாம்.

மார்ச்சுல போனோம், சுத்திப் பாக்க. என் வீட்டுக்காரரு வால்ட் வரல, ஏரியில ஐஸ் உடையறதுக்குள்ள மீன் புடிக்கணுமாம். நானும் இவளும் மட்டும். ஒரு பொண்ணு கூட்டிக்கிட்டுப் போய் காமிச்சா சார், பின்பக்கமாவே நடக்குறா! எங்களைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, படியெல்லாம் பின்பக்கமாவே ஏர்றா. 'நாங்க முழு மனுஷனையும் உருவாக்குறோம்'ங்கறா. நான் என்ன முக்கால் மனுஷியையா அனுப்பப் போறேன்? முழுசாத்தானே பெத்தேன், நாலு கிலோ! அப்புறம், 'மத்தவங்களுக்காக வாழற ஆண்களையும் பெண்களையும்...' அப்படின்னு ஆரம்பிச்சா. நான் கேட்டேன், அந்த மத்தவங்கள்ல அம்மாவும் உண்டான்னு. ஏன்னா என் வீட்ல சாப்பிட்ட தட்டு சாப்பிட்ட இடத்துலயே காயுது. எல்லாரும் சிரிச்சாங்க. வெண்டி மட்டும் சிரிக்கல. அடுத்த கட்டடத்துக்குள்ள எனக்கு முன்னாடி போயிட்டா, யாரோ மாதிரி.

கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. ஆங். ரத்தம் வருது, ஒண்ணுமில்ல, நீங்க பல்லிடுக்குல நூல் போட்டு எடுக்கறதில்ல, அதான். எல்லாரும் எடுக்கறேன்னுதான் சொல்றாங்க. சாமியாருகிட்ட பண்ற பாவசங்கீர்த்தனத்துல கூட இவ்வளவு பொய் சொல்ல மாட்டாங்க, இந்த நாற்காலியில வந்து சொல்ற அளவுக்கு.

எங்க விட்டேன்? ...ஃபாதர். ஃபாதர் டன்லீவி, அந்தக் காலேஜு வாத்தியாரு. எழுபது இருக்கும். டென்னிஸ் ஷூ, கோட்டு காலர்ல பொடுகு, முன்பல் ரெண்டும் காப்பிக் கறை, என் கை துறுதுறுன்னுது. ஏழ்மை விரதம்னா பல்லு கூட விளக்கக் கூடாதா? வெண்டி அவருகிட்ட நேராப் போய் நிக்கிறா. 'எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்ல.' நான் மனசுக்குள்ள, ஆச்சு, கதை முடிஞ்சுது, பைய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போகலாம்ங்கறேன். அந்தக் கிழவர் என்ன சொன்னாரு தெரியுமா? 'நல்லதாப் போச்சு. என் தத்துவ வகுப்புல நம்பறவங்க எல்லாம் தூங்கிடறாங்க. முழிச்சிருக்க எனக்கு ஆள் வேணும்.' அவ்வளவுதான். ரெண்டு பேரும் கேன்டீன்ல உக்காந்து ஒரே வாக்குவாதம். வெளிய மழை, நான் அவரு குடையைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னலோரம் நிக்கிறேன். ரெண்டு காப்பி குடிச்சேன், ஒரு உலர்ந்த கேக்கு தின்னேன், அவங்க முடிக்கல. மேஜையைத் தட்டித் தட்டிப் பேசறா. அவரும் தட்றாரு. வீட்ல இப்படித் தட்டினா நான் கரண்டியை எடுத்துடுவேன்!

கையைத் தூக்கறீங்க... வலியா, கேள்வியா? கேள்வின்னா கீழ இறக்குங்க.

நான் அவரைத் தனியாக் கூப்பிட்டேன். 'ஃபாதர், நீங்களே சொல்லுங்க, இவளுக்கு இந்த இடம் சரிப்படாதுன்னு. உங்க பேச்சைக் கேப்பா.' அவரு, 'சரிப்படாதுன்னு நீங்க ஏன் நினைக்கறீங்க?'ங்கறாரு. நான் என்ன கேட்டாலும் அதையே திருப்பி என் கையில குடுக்கறாரு சார், மிச்சச் சில்லறை மாதிரி. கடைசியில அவகிட்ட சொன்னாரு பாருங்க ஒண்ணு, அதுலதான் என் வீடு நாசமாச்சு. அவங்க சபையை ஆரம்பிச்சவரு காட்டின வழியாம். ரெண்டு வழி முன்னாடி நின்னா, கொஞ்ச நாளைக்கு ஒண்ணை முடிவு பண்ணிட்ட மாதிரியே வாழணும். அப்புறம் கொஞ்ச நாளைக்கு மத்ததை முடிவு பண்ணிட்ட மாதிரி. எதுல மனசு நிறையுது, எதுல வத்துதுன்னு பாக்கணும். ஒரு வாரம் கோஸ்ட்காவுக்குப் போறவளா இரு, ஒரு வாரம் ஊரோட இருக்கறவளா இரு. அவ்வளவுதான், போயிட்டு வா.

கடவுளே இல்லேங்கறவ, இதை மட்டும் அப்படியே வேதவாக்கா எடுத்துக்கிட்டா!

துப்புங்க. இதுல. ...சரி, மறுபடி படுங்க. மேல்வரிசை.

முதல் வாரம், போறவ வாரம். ஈஸ்டருக்கு முந்தின புனித வாரம் சார், ஊரே கோயில்ல. இவ தன் துணியைத் தானே துவைக்கறா. நான் எழுப்பக் கூடாதாம், காலேஜ்ல அம்மாவா வந்து எழுப்புவான்னு கேக்கறா. பிரிட்ஜைத் திறந்து நின்னுக்கிட்டே ஆறிப் போன பியரோகிக் கொழுக்கட்டை திங்கறா. வால்ட் என்ன பண்ணினாரு? 'பொண்ணுதான் போயிட்டாளே'ன்னு தூண்டில் கம்பையெல்லாம் கொண்டு போய் அவ ரூம்ல சாத்தி வெச்சிட்டாரு! புழு டப்பாவோட! நான் கத்தினேன், அவரு, 'நானும் போயிட்ட மாதிரி வாழ்ந்து பாக்கறேன்'ங்கறாரு. பெரிய வெள்ளிக்கிழமை மீன் வறுத்து வெச்சேன். மேல இருந்து வந்தா. கையில ஏதோ தடிப் புஸ்தகம். சிலுவையில தொங்கினவரு கடவுள்னா எதுக்குத் தொங்கணும், கடவுள் இல்லேன்னா நாம எதுக்கு இன்னிக்கு மாட்டுக்கறி சாப்பிடாம இருக்கோம்னு ஆரம்பிச்சா. வால்ட்டுக்குக் கோவம், எனக்குக் கோவம், மீன் ஆறுது, மூணு பேரும் ஒரே நேரத்துல பேசறோம். பக்கத்து வீட்டு நாயி குலைக்குது. ராத்திரி குளிக்கும்போது பாடறா. பெரிய வெள்ளியன்னிக்குப் பாட்டு! கதவைத் தட்டிட்டு வந்தேன். ...நல்லாத்தான் பாடுவா. நாங்க ஏதாவது பாடச் சொன்னா பாட மாட்டா.

இடுக்குல நூல் போடறேன், சுருக்குனு இருக்கும்.

ரெண்டாவது வாரம், இருக்கறவ வாரம். சார், நான் வேண்டிக்கிட்டது அத்தனையும் அந்த வாரம் நடந்துச்சு. ஈஸ்டர் பூசைக்குக் கூட வந்தா. கவுன் போட்டுக்கிட்டு! என் பக்கத்துல உக்காந்தா, ஊரே பாத்துச்சு. மரிய சபைத் தலைவி என் தோள்ல தட்டிட்டுப் போறா. மத்தியானம் பன்னித்தொடை வெட்டித் தந்தா, தட்டு கழுவினா. சாயந்தரம் என்னோட சோபாவுல உக்காந்து டிவி பாத்தா. கடைக்கு வரியான்னா வரேங்கறா. வால்ட் அவ ரூம்லேர்ந்து தூண்டிலை எல்லாம் எடுத்துட்டாரு. சரிம்மா, ஆமாம்மா, நீ சொன்னா சரிம்மா. நாடகம் போடலைங்க, அப்படிப்பட்டவ இல்ல அவ. நெசமாவே செஞ்சா. ஊரோட இருக்கப் போறவ எப்படி இருப்பாளோ அப்படி இருந்து பாத்தா.

எங்க பங்குச் சாமியாரு பாட்டுப் பூசைல பாடுவாரு, அவரு தொண்டையைக் கேட்டிருக்கீங்களா? வண்டி ஸ்டார்ட் ஆகாம இழுக்கும் பாருங்க, அது. எப்பவும் அவரு இழுக்க ஆரம்பிச்சதும் வெண்டி என் காதுல ஏதாவது சொல்லுவா. என்னிக்காவது கோயிலுக்கு வந்தான்னா அதுக்குத்தான் வருவா. 'பெட்ரோல் தீந்துபோச்சு, எல்லாரும் இறங்கித் தள்ளுங்க'ம்பா. நான் உதட்டைக் கடிச்சுக்கிட்டு, பாட்டுப் புத்தகத்தால மூஞ்சியை மறைச்சுக்கிட்டு... இந்த ஈஸ்டருக்கு அவரு அல்லேலூயாவை அந்த இழுப்பு இழுக்கறாரு சார். நான் காதைக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அவ ஒண்ணுமே சொல்லல. கையைக் கோத்துக்கிட்டு நேராப் பாத்துக்கிட்டிருந்தா. பக்கத்துல யாரோ நல்ல பொண்ணு உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு. யாரோ வீட்டுப் பொண்ணு.

...இந்த லைட்டு கண்ணுல அடிக்குதா? இருங்க.

நேத்து அந்த வாரம் முடிஞ்சுது. மே ஒண்ணாந்தேதிக்குள்ள காலேஜுக்குப் பதில் சொல்லணும். நேத்து ராத்திரி வந்து என் கட்டில் விளிம்புல உக்காந்தா. 'ம்மா, உள்ளேர்ந்து பாத்தா எனக்கே சரியாத் தெரியல. கூட இருக்கறவங்களைக் கேளுன்னு ஃபாதர் சொன்னாரு. நீதான் ரெண்டு வாரமும் என்னைப் பாத்தே. எந்த வாரம் நான் நல்லா இருந்தேன்? நீ சொல்றதை எடுத்துக்கறேன்.' கிழவன் பாத்தீங்களா? ஏழு மணி நேரத்துக்கு அப்பால உக்காந்துக்கிட்டு என் வாயில கொக்கியைப் போட்டு இழுக்கறான்! நான் தூக்கம் வருது, நாளைக்குச் சொல்றேன்னுட்டேன். வால்ட்டைக் கேட்டா, 'உன்னைத்தானே கேட்டா'ன்னு திரும்பிப் படுத்துட்டாரு.

இன்னிக்கு ராத்திரி சொல்லணும். என்ன சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். ரெண்டாவது வாரம். அதுல என்ன பொய் இருக்கு? நல்லா சாப்பிட்டா. நேரத்துக்குத் தூங்கினா. யாரோடயும் சண்டை இல்ல. நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? ...வாயை மூடாதீங்க, மெருகு போடறேன். புதினா வாசனை, முழுங்கிடாதீங்க.

ஒண்ணு சொல்லட்டுமா? வேற யாருகிட்டயும் சொன்னதில்ல, வால்ட்டுக்கே தெரியாது. அவ கோஸ்ட்கா பேரைக் கேள்விப்பட்டதே இல்ல சார். அவ ஆசைப்பட்டதெல்லாம் வேற, பாஸ்டன், சிகாகோன்னு என்னென்னவோ பேரு. நான்தான் தேடிக் கண்டுபிடிச்சேன். சாமி இல்லேங்கறவளை முதல்ல ஒரு சாமியார் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போனா, வெளியூர்க் காலேஜு ஆசையே விட்டுப் போயிடும், கூடவே இருப்பான்னு கணக்குப் போட்டேன். ரூம் போட்டது நான், காரு ஓட்டினது நான், அந்த ஃபாதர் குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னதும் நான். அந்தப் பையனுக்காவது ரோமுக்கு வழி அவனே தேடிக்கிட்டான். இவளுக்கு நான் கார்க் கதவைத் திறந்து விட்டேன்!

முடிஞ்சுது. கொப்பளிங்க. நல்லா... ஆங்.

என்ன? ...இல்ல சார். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். உங்களுக்கு அவளைத் தெரியாது. ரெண்டாவது வாரம்தான், நான் சொல்லத்தான் போறேன். ஆறு மாசம் கழிச்சு மறுபடி வாங்க, நூல் போடுங்க, பொய் சொல்லாதீங்க, பல்லு காட்டிக் குடுத்துடும். பிரஷ் என்ன கலர் வேணும், பச்சையா? ஊருக்கு எங்கயும் போகலியே நீங்க? போறவங்களுக்கு மூடி போட்டது தருவோம், பைக்குள்ள வெச்சுக்கறதுக்கு. கொஞ்சம்தான் இருக்கு. நீங்க எங்கயும் போகல இல்ல, அப்ப சாதாவே எடுத்துக்கோங்க.

அவள் நாற்காலியை நிமிர்த்திவிட்டு இழுப்பறையைத் திறந்தாள். பச்சை பிரஷ் ஒன்றை எடுத்து என் பையில் போட்டாள். மூடி போட்டவற்றில் ஒன்றை எடுத்துத் தன் மேலங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள். இழுப்பறையை முழங்காலால் தள்ளி மூடிவிட்டு, கதவருகே போய் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.