பைய விடு

தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. அம்மா அண்ணனின் முதுகில். நான் முன்னால் போகிறேன். தெரு எது, சாக்கடை எது, ஒன்றும் தெரியவில்லை. பின்னாலிருந்து அண்ணன் கத்துகிறான்.

"பைய, ஏட்டி! பைய! அங்கன குழி கெடக்கு!"

மார்கழி பிறந்த மறுநாள். திங்கட்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. முந்தின நாள் முழுக்க மழை. முதலில் சத்தம் வந்தது. தண்ணீர் பிறகுதான் வந்தது. தாமிரபரணியின் சத்தம் எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். இது அது இல்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். ஜல்லி கொட்டி முடியும், இது முடியவில்லை. நடுநடுவே டமார் என்று ஓர் அடி. எங்கேயோ சுவர் விழுகிறது.

எங்கள் வீடு வண்ணார்பேட்டைக்குக் கீழே, ஆற்றை ஒட்டிய தெருவில். எதிர்வீடு மாடி வீடு. வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. வெளிப்படி வழியாகத் தட்டட்டிக்கு ஏறிவிட்டோம். மொட்டை மாடியை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். ஏறி மூச்சு வாங்குவதற்குள் அந்தப் படி இடிந்து தண்ணீருக்குள் போனது. அம்மா "யேசப்பா, யேசப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் தோளில் ஒரு பை. அதில் அம்மாவின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, ஒரு பாக்கெட் ரஸ்க். வீட்டிலிருந்து அதை மட்டும்தான் எடுத்திருந்தான். உயிருக்கு உயிராக வைத்திருந்த கீபோர்டை எடுக்கவில்லை. எங்கள் வாசலில் கட்டியிருந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கண் முன்னால் மிதந்து போகிறது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நிற்கிறோம்.

நான் பாட்டு எழுதுகிறவள். சென்னையில் இருக்கிறேன். சினிமாவுக்கு எழுதுகிறேன். இங்கே அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. என் பாட்டு எல்லாம் அண்ணனிடமிருந்து வந்தது.

அண்ணன் பெயர் செல்வின். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான். பகலில் மின்சாமான் கடையில் வேலை. இசையமைப்பாளர்கள் மெட்டுக் கொடுக்கும்போது 'தன்னன்னா' என்பார்கள். அண்ணன் அப்படிக் கொடுக்கமாட்டான். சின்ன வயதில் டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போவோம். கண்டக்டர் ஊர் பெயரைச் சொல்லிச் சொல்லி ஆள் ஏற்றுவார். அதை அப்படியே ராகம் போட்டுப் பாடுவான். "வண்ணார்பேட்டை, வண்ணார்பேட்டை, மேலப்பாளையம்..." பிறகு கொஞ்சம் இழுத்து, "பத்தமடை... ஏ பத்தமடை..." பஸ்ஸே சிரிக்கும். எனக்கு மானம் போகும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஊர் பெயர் இருந்த இடத்தில் நான் சொல் வைப்பேன். மேலப்பாளையம் இருந்த இடத்தில் 'மேகக் கூட்டமாய்' என்று உட்காரும். அப்படித்தான் பாட்டெழுதக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் ஊரெல்லாம் முணுமுணுக்கிற என் காதல் பாட்டு ஒன்று இருக்கிறது. அதற்கு அடியில் ஓடுவது பத்தமடை பஸ். யாருக்கும் தெரியாது. எனக்கும் அவனுக்கும் தெரியும்.

சென்னையில் என் முதல் பாட்டுப் பதிவு. "பைய பைய வாடா" என்று எழுதியிருந்தேன். பாடகி பாடி முடித்தாள். தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கிறார்.

"பைய எடுத்துட்டு வரச் சொல்றியாம்மா? எந்தப் பைய?"

அறை முழுக்கச் சிரிப்பு. பைய என்றால் எங்களுக்கு மெதுவாக. அவர்களுக்குத் தோளில் மாட்டுகிற பை. 'மெல்ல மெல்ல' என்று மாற்றிவிட்டார்கள். ஊருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை. "நல்ல சொல்லப் போயி தூக்கிக் கொடுத்துட்டு வந்திருக்கியே, கோட்டிக்காரி" என்று ஏசினான். ஒரு வாரம் பேசவில்லை. அவனுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேரல் பாட ஒரு புதுப் பாட்டு. மெட்டு அவன். சொல் நான். அதற்காகத்தான் அந்த வாரம் ஊருக்கு வந்திருந்தேன். பல்லவி முடிந்திருந்தது. கடைசி வரியில் 'பைய வா பாலனே' என்று வைத்தேன். "இதுல எவனும் கை வைக்க முடியாது, ட்டி. இது நம்ம சர்ச்சு" என்றான். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். சரணத்துக்கு மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் தண்ணீர் வந்தது.

தட்டட்டியில் அம்மா நடுங்குகிறாள். அம்மாவுக்கு ரஸ்க் கொடுக்கிறான். மாத்திரை கொடுக்கிறான். மழைத்தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துக் குடிக்க வைக்கிறான். பையை மறுபடி தோளில் மாட்டிக்கொள்கிறான். மாட்டிக்கொண்டே முணுமுணுக்கிறான். "சேரன்மாதேவி... முக்கூடல்... முக்கூடல்..." சரணத்தின் முதல் வரி. அந்த நேரத்திலும் மெட்டு. எனக்கு எரிச்சல் வந்தது. "அண்ணே, சும்மா இருக்கியா" என்றேன். நிறுத்திவிட்டான். பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டாம் வரி எந்த ஊராக இருந்திருக்கும்?

மதியத்துக்கு மேல் படகு வந்தது. ரப்பர் படகு. மோட்டார் சத்தம். மேலே ஹெலிகாப்டர் சத்தம். போர்க்கால அடிப்படையில் மீட்பு என்று செய்தியில் சொன்னார்களாம். போர் என்றால் ஏசுவதற்கு ஓர் எதிரியாவது இருப்பான். எங்களுக்கு ஆறு. அதை எப்படி ஏச? அதில்தானே குளித்து வளர்ந்தோம்.

படகில் இரண்டு பேர். ஒருவன் மோட்டாரைப் பிடித்திருந்தான். இன்னொருவன் இளவயதுப் பையன். வடக்கேயிருந்து, சென்னைப் பக்கமிருந்து வந்தவன். தங்கமான பையன். இப்போதும் சொல்லுவேன். அண்ணன் சன்ஷேடில் இறங்கி நின்று அம்மாவைப் பிடித்துக் கொடுத்தான். அவன் வாங்கி உட்கார வைத்தான். அடுத்து நான். அண்ணன் கடைசி. ஒரு கையால் மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிறான். இன்னொரு கையில் பை. தோளிலிருந்து நழுவியதைப் பிடித்திருக்கிறான். படகிலிருந்து அந்தப் பையன் கை நீட்டுகிறான். அண்ணனுக்குக் கொடுக்கக் கை இல்லை.

அப்போது பையன் மேற்கே பார்த்தான். வேரோடு ஒரு தென்னைமரம் வருகிறது. எங்களை நோக்கி. கத்தினான்.

"சார்! பைய வுடுங்க சார்! பைய வுடுங்க!"

அம்மாவும் கத்தினாள்.

"ஏலே, பாத்துலே! பைய விடு!"

அண்ணன் தலையை ஆட்டினான். "பையத்தான் விடுதேன் தம்பி" என்றான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். ஜன்னல் கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தான். பைய. மிகவும் பைய. பை கையிலேயே இருந்தது.

மரம் படகின் ஓரத்தில் அடித்தது. படகு சுற்றியது. நிமிர்ந்து பார்த்தேன். சன்ஷேடு இருந்தது. ஜன்னல் இருந்தது.

பாலத்துப் பக்கம் மேட்டில் எங்களை இறக்கிவிட்டார்கள். யாரோ கம்பளி போர்த்தினார்கள். அம்மா வாய் ஓயாமல் "எம் பிள்ளய காணலியே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அழுதுகொண்டிருந்தான்.

"அக்கா, சார் ஏங்க்கா அந்த பேக்க வுடல? பைய வுடுங்க, பைய வுடுங்கன்னு கத்தினேனே. அத வுட்டுட்டு என் கையப் பிடிச்சிருந்தா இழுத்துப் போட்டிருப்பேனே."

பேக். அவன் அந்தச் சொல்லைச் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவன் சொன்னது சரி. அண்ணன் கேட்டதும் சரி. அம்மா திருப்பிக் கத்தியதும் சரி. எங்கள் ஊரில் ஆபத்து வந்தால் அதைத்தான் கத்துவோம். சென்னையில் ஓர் அறை முழுக்கச் சிரித்த சொல். அதற்கு விளக்கம் சொல்ல அந்தப் பையனிடம் எனக்கு மனம் வரவில்லை. "கேக்கல தம்பி. தண்ணிச் சத்தத்துல கேக்கல" என்றேன்.

அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். இன்றுவரை அதுதான். அம்மாவின் கண்ணாடி ஆற்றோடு போனது. புதுக் கண்ணாடி போட்டும் எழுத்து தெரிவதில்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது. வாசிக்கிறவர்கள் அம்மாவைப் பார்த்தால் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு அண்ணன் கிடைத்தான். கீழே ஒரு வாழைத் தோட்டத்தில். பையின் வார் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. மாத்திரைகளை அவன் பாலித்தீன் கவரில் வைத்து, வாயை முறுக்கி, ரப்பர் பேண்டு போட்டிருந்தான். ஒன்றுகூட நனையவில்லை. மருந்துக்கடை எதுவும் திறந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்து வந்து அம்மா அந்த மாத்திரையைத்தான் போட்டாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வருடம் எங்கள் தெருவில் கேரல் வரவில்லை. நான் அதற்குப் பிறகும் எழுதுகிறேன். எழுதத்தான் வேண்டும். இசையமைப்பாளர் 'தன்னன்னா' என்கிறார். என் காதுக்குள் வண்ணார்பேட்டை ஓடுகிறது. மேலப்பாளையம் ஓடுகிறது. முக்கூடலில் பஸ் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போகமாட்டேன் என்கிறது.

ஆறு கொண்டுபோனவை. வீட்டின் தெற்குச் சுவர். அண்ணனின் கீபோர்டு. அம்மாவின் கண்ணாடி, அம்மாவின் பைபிள். வாசலில் கட்டிய நட்சத்திரம். பக்கத்து வீட்டு ஆடுகள், குட்டியோடு. ஒரு மெட்டில் பாதி. என் அண்ணன் செல்வின்.

சொல் மட்டும் போகவில்லை. இன்று காலை சென்னைக்குக் கிளம்பினேன். அம்மா பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள். படியில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து சத்தம் கொடுத்தாள்.

"பைய, ஏட்டி! பைய ஏறு!"

சரிம்மா என்றேன். பைய ஏறினேன்.