ஏழு பெயர்களைச் சேர்த்த வைத்தீஸ்வரனாருக்கு

முப்பத்து மூன்றாண்டு அரசுப் பணியாற்றி, சாலைப் பாதுகாப்புப் பிரிவின் தலைமை எழுத்தராய் இன்று விடைபெறும் சிட்லபாக்கம் திரு. வைத்தீஸ்வரன் அவர்களுக்குத் தாம்பரம் அலுவலகத் தோழர்கள் வாசித்தளிக்கும் மடல்.

பெயருக்கும் பெருமைக்கும் பின்னால் ஓடாத பெருந்தகையே! கோபத்தையும் கோப்புக்குள் கட்டி வைத்த குணக்குன்றே! வணக்கம். புகழ்ந்தால் நெளியும் தங்களை எதிரே இருத்தி வைத்துக்கொண்டு, அவையோரிடம் தங்கள் கதையைச் சொல்கிறோம். பொறுத்தருள்க!

1993ஆம் ஆண்டு, சாலைச் சாவுகளை நாற்பதிலிருந்து முப்பத்தாறாகக் குறைக்க வேண்டுமென்று எங்களுக்கு இலக்கு வந்தது. டிசம்பர் முடிவில் கணக்கு முப்பத்தைந்தில் நின்றது. மைசூர்பாகு வழங்கினோம். விபத்தன்றே இறந்தவரை மட்டும் சாவில் சேர்த்து, ஆஸ்பத்திரியில் பிறகு இறந்தவரைக் காயப் பட்டியலிலேயே விட்டுவைப்பது நம் அலுவலக வழக்கம். அந்த அறிக்கையில் வைத்தீஸ்வரனாரும் கையொப்பமிட்டிருந்தார்.

பொங்கல் கழிந்து பேபி என்ற பெண் விபத்துச் சான்று வாங்க வந்தார். ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கையில் லாரி மோதி, ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்த கிளியம்மாளின் மகள். சான்றைப் படிக்கச் சொல்லிக் கேட்டவர், "இன்னா சார், காயம்னு எழுதிக்கீறீங்க? அப்போ எங்கம்மா எப்ப சார் வூட்டுக்கு வரும்?" என்றார்.

படித்துக் காட்டியவர் வைத்தீஸ்வரனார். வெட்கம் அவரை உட்காரவிடவில்லை. காயப் பட்டியலோடு இரண்டு வாரம் ஆஸ்பத்திரிகளுக்கும் வீடுகளுக்கும் சைக்கிளில் அலைந்தார். கிளியம்மாளையும் சேர்த்து ஏழு பேர் இறந்திருந்தார்கள். கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் முதலில் இருந்த நேரம் அது. "ஏன் சார் வம்பு? போன வருஷமும் இப்படித்தானே எண்ணினோம்" என்று நாங்களே தடுத்தோம். அதுவும் நியாயந்தான் என்றார். ஆனாலும் நாற்பத்திரண்டு என்று திருத்தி அனுப்பிவிட்டார். மெமோ வந்தது. பதவி உயர்வு அடுத்தவருக்குப் போயிற்று.

அந்த ஏழு விபத்துகளில் நான்கு, குரோம்பேட்டையில் ஒரே பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் நடந்தவை. இலக்கு ஏன் தவறியது என்று விசாரிக்க வந்த மேலதிகாரிகளை அவர் நேரே அங்கே அழைத்துப் போனார். சிக்னலும் விளக்கும் வந்தன. இரண்டாண்டாக அங்கே சாவு இல்லை, ஆஸ்பத்திரியிலும் கேட்டுவிட்டோம்.

இலக்கால் நன்மையா? எங்களுக்கு இன்னும் தீர்மானமில்லை. அது வராவிட்டால் மேலதிகாரிகள் விசாரிக்க வந்திருக்கவே மாட்டார்கள். வந்ததால்தான் குறைத்தெண்ணியதைத் திருத்தவும் அஞ்சினோம். போன வாரம் அவரிடமே கேட்டோம். "டார்கெட் இருக்கட்டும் சார். எட்டலேன்னு எழுதறவனுக்கு மெமோ குடுக்காம இருந்தா போதும்" என்றார்.

வாய்மை வழுவாத வைத்தீஸ்வரரே! துணைவியார் சாவித்ரி அம்மையாரோடு நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க! கண்காணிப்பாளர் என்று தங்களை அழைக்கும் பேறு எங்களுக்குக் கிட்டவில்லை. அந்தத் திருத்தக் கடிதத்தில் துணைக்கு ஒரு கையெழுத்துக் கேட்டு மேசை மேசையாக வந்தீர்கள். நாங்கள் ஒருவரும் போடவில்லை.

இதோ, இன்று போடுகிறோம்.

அமலராணி
கஸ்தூரிரங்கன்
யக்ஞநாராயணன்
தாவீது

தாம்பரம், 30.6.1997