ஆறு இருபது

— பிடிக்கலாம் தங்கச்சி, தாராளமாப் பிடிக்கலாம். வள்ளத்தின்ரை விளிம்பை ரெண்டு கையாலையும் வடிவாப் பிடியுங்கோ. அதிலை ஒரு குற்றமும் இல்லை.

— என்னைப் போட்டியாலை நிப்பாட்டிப் போடுவினமோ, அண்ணை?

— ஆர் நிப்பாட்டுறது? பிடிச்சு நிண்டு மூச்செடுக்கலாம். வள்ளம்தான் ஒரு சாணும் முன்னுக்குப் போகப்படாது. அதுக்குத்தானே நங்கூரம் போட்டுக்கொண்டு இருக்கிறன். உள்ளுக்கை ஏறினியள் எண்டால் மட்டும் சரி, ஆட்டம் முடிஞ்சுது.

— ஏறமாட்டன். நான் குழறிக் கேட்டாலும் ஏத்தாதேங்கோ.

— நீங்கள் தாழுறதைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கோ என்னை விட்டிருக்கினம்? பெயரைச் சொல்லுங்கோ. தொப்பியிலை நாப்பத்தேழு எண்டு மட்டும்தான் கிடக்கு.

— சுபாஜினி. மருதனார்மடம்.

— மருதனார்மடமோ! தோட்டக்காற ஆக்கள். கிணத்தைத் தவிர வேறை தண்ணி காணாத சனம். நான் கனிசியஸ், முனைப் பக்கத்து மீன்பிடிக்காறன். இந்த வள்ளத்துக்குப் பெயின்ற் அடிச்சு ரெண்டு கிழமைதான், உங்கடை நகம் கீறுற கீறலிலை திரும்பவும் அடிக்கோணும் போலை.

— பகிடி விடாதேங்கோ அண்ணை, நெஞ்சு அடிக்கிறது காதுக்கை கேக்குது.

— அடிக்கட்டும், அடிச்சால்தான் நல்லம். என்ன நடந்தது? பாதி தூரம் நல்லா வந்தனீங்கள். நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்.

— கீழை பாத்திட்டன். திருநெல்வேலியிலை நாங்கள் பழகிற தடாகத்திலை அடியிலை நீலக்கோடு ஒண்டு இருக்கும். அதைப் பாத்துக்கொண்டே போகலாம். இங்கை ஒண்டும் இல்லை. ஒரே கறுப்பு. பாசி வந்து காலிலை சுத்த, ஆரோ பிடிச்சு இழுக்கிற மாதிரிக் கிடந்தது.

— ஆத்துத் தண்ணியெண்டால் அப்பிடித்தான். மீனுக்கு ஆர் கோடு போட்டுக் குடுத்தது? எத்தினை மாசமாப் பழகுறியள்?

— எட்டு மாசம். அதுக்கு முதல் முழங்காலுக்கு மேலை தண்ணிக்கை நிண்டு அறியன். அண்ணை, மணி என்ன?

— நீந்திறதுக்கு இன்னும் பதினொரு நிமிசம் இருக்கு. நூறு மீற்றர்தான் மிச்சம். அந்தச் செம்மஞ்சள் பந்தைச் சுத்தினால் கரை.

— உங்கடை மணிக்கூடு ஓடுதோ?

— இதென்ன கேள்வி? ஓடாமல், அழகுக்கே கட்டியிருக்கிறன்?

— கம்பி அசையுதோ எண்டு பாருங்கோ.

— அசையுது, தாயே. நீந்தி ஏறினதும் ஓடுறதுக்குக் கரையிலை சைக்கிள் நிக்குதோ?

— நிக்குது. முன்கூடையைக் கழட்டிப் போட்டுக் கொண்டந்தனான். அந்தப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு நான் பயப்பிடேல்லை. ஒவ்வொரு நாளும் வேலைக்கு அதிலைதான் போறனான். மூண்டு கிலோமீற்றர் ஓட்டமும் எப்பிடியும் இழுத்துப் பறிச்சு முடிச்சிடுவன். இந்தத் தண்ணிதான்.

— பிறகேன் தங்கச்சி உங்களுக்கு உந்தக் கண்டறியாத வேலை? எல்லாம் பெடியள் பெட்டையள். உங்களுக்கு நாப்பது இருக்கும்.

— நாப்பத்திரண்டு. எனக்காக இல்லை. கரையிலை ஊதாக் குடையோடை ஒருத்தர் நிக்கிறார் பாருங்கோ.

— காலமை வெய்யிலுக்கே குடை பிடிக்கிற அந்த மனுசனோ?

— அவர்தான் என்ரை அவர். குகதாசன். என்ரை தாலிக்கொடியைக் கழட்டிச் சேட்டுப் பொக்கற்றிலை போட்டுவிட்டனான். மற்றக் கையிலை ஒரு கடுதாசி வைச்சிருப்பார். அதிலை அவர் கையெழுத்து வைக்கோணும். அதுக்குத்தான் இவ்வளவும்.

— என்ன கடுதாசி? காணி உறுதியோ?

— மகள் தாரிகாக்கு. பதினாறு வயசு. நான் பழகப் போகேக்கை கூட வந்து, எட்டு மாசமும் தடாகத்துக்கு வெளியிலை வாங்கிலை இருந்து நான் எத்தினை தரம் போய் வந்தனெண்டு எண்ணினவள். நீச்சல் பழக்கிற மாஸ்ரர் அவளின்ரை தோளையும் கையையும் பாத்திட்டு, இந்தப் பிள்ளையைத் தாங்கோ, நான் நீச்சல்காறி ஆக்கித் தாறன் எண்டார். தகப்பன் கையெழுத்து வேணும். நாளைக்குக் கடைசி நாள்.

— அது நல்ல விசியமெல்லோ. வைக்கச் சொல்லுங்கோவன்.

— அவளை வடிவாப் பாருங்கோ அண்ணை. தகப்பனுக்குப் பின்னாலை, பச்சைச் சட்டை. எங்கை நிக்கிறாள்?

— ரோட்டோரமா... தண்ணியிலையிருந்து நல்லாத் தள்ளி.

— பத்தடி. ரெண்டு வயசிலையிருந்து அதுதான் சட்டம். வீட்டிலை கிணத்துக்குக் கம்பி வலை. பள்ளிக்கூடத்தாலை கசூரினாக் கடற்கரைக்குப் போனவை, இவள் மட்டும் பஸ்ஸுக்கை இருந்தவள். கீரிமலைக்குப் போனால் கேணிக்கு வெளியிலை நிப்பாள். வாய் திறந்து ஒரு நாள் கேட்டதில்லை. அதுதான் எனக்குத் தாங்கேலாது.

— ஏன், பிள்ளைக்கு வலிப்பு ஏதும் இருக்கோ?

— குறிப்பிலை இருக்கு. தண்ணிக் கண்டம். பதினெட்டு வயசு முடியுமட்டும் தண்ணியிலை கவனம், உயிருக்கு ஆபத்து எண்டு சாத்திரியார் எழுதி வைச்சிருக்கிறார்.

— ஓ, சாதகக் குறிப்போ. எங்கடை ஆக்களுக்கு உதொண்டும் இல்லை. ஞானஸ்நானப் புத்தகத்திலை பாதர் திகதியை எழுதுவார், அவ்வளவுதான். நான் பகலிலை பிறந்தனோ இரவிலை பிறந்தனோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. கண்டம் எங்கை கிடக்கெண்டும் தெரியாமல் கடலுக்குப் போய் வாறன்.

— குடுத்து வைச்சனீங்கள்.

— கனிசியஸ் அண்ணை, கரையிலையிருந்து லோஜன் கதைக்கிறன். நாப்பத்தேழாம் நம்பர் என்ன மாதிரி? ஏத்துறியளோ?

— பொறு லோஜன், உந்த வோக்கி ரோக்கியைக் கொஞ்சம் நிப்பாட்டி வை. அக்கா மூச்செடுக்கிறா. நான் சொல்லாமல் ஒருத்தரும் வரவேண்டாம்.

— சரி அண்ணை. எட்டு நிமிசம்தான். பிறகு சிவப்புக் கொடி போட்டுடுவம்.

— கேட்டியள்தானே? எட்டு நிமிசம். காலை இளக்கி விடுங்கோ, தன்ரை பாட்டிலை மிதக்கும். இப்ப எனக்கொண்டு விளங்கேல்லை. கண்டம் மகளுக்கு. நீங்கள் நீந்தி என்ன வரப்போகுது?

— அவர் அப்பிடிச் சொல்லிப் போட்டார். பிள்ளை தண்ணிக்கை தாண்டாலும் இழுத்தெடுக்கிறதுக்கு வீட்டிலை ஒராள் வேணும், எனக்கு ஏலாது, நீ தொண்டைமானாத்தை நீந்தி முழுசா முடிச்சு மெடலோடை வா, அண்டைக்கே கையெழுத்து வைக்கிறன் எண்டு. நான் ஏலாதெண்டு விட்டிடுவன் எண்டு நினைச்சவர். நான் ஓமெண்டிட்டன்.

— கெட்டித்தனம்! பிறகென்ன, விடுங்கோ கையை!

— விட ஏலாமல் கிடக்கு அண்ணை. விரல் கேக்குதில்லை.

— பயப்பிடாதேங்கோ. உங்கடை அவருக்கு ஏன் அந்தக் குறிப்பிலை அப்பிடியொரு நம்பிக்கை? படிக்காத ஆளோ?

— படிச்சவர். கடைசிச் சண்டை நேரம் வன்னியிலை என்னையும் அவரையும் பிரிச்சுப் போட்டுது. நான் அப்ப எட்டு மாசம். பிள்ளை பங்கருக்கைதான் பிறந்தவள். பிறகு நான் முகாமுக்கு வந்திட்டன், அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எல்லாரும் விளக்கு வை, வெள்ளை கட்டு எண்டு வந்து சொல்லத் தொடங்கிச்சினம். அப்பதான் நான் பிள்ளைக்குக் குறிப்பு எழுதுவிச்சனான். சாத்திரியார் பாத்திட்டு, அழாதை பிள்ளை, இவளுக்கு ரெண்டு வயசு முடிய முன்னம் தகப்பன் வீட்டு வாசலுக்கு வருவார் எண்டார்.

— வந்தவரோ?

— அவளின்ரை ரெண்டாவது பிறந்தநாளுக்குப் பதினொரு நாள் இருக்கேக்கை வந்தவர். ஆமியின்ரை தடுப்பு முகாமிலையிருந்து விட்டவை. எலும்பும் தோலுமா வாசலிலை நிண்டார்.

— மாதாவே! எனக்கு மயிர் கூச்செறியுது.

— அண்டையிலையிருந்து அவருக்கு அந்தக் குறிப்புத்தான் சாமி. பிளாஸ்ரிக் உறை போட்டு முருகன் படத்துக்குக் கீழை வைச்சிருக்கிறார். இந்தப் பிள்ளையின்ரை பலன்தான் என்னை உயிரோடை கொண்டந்தது எண்டு காணுற ஆக்களுக்கெல்லாம் சொல்லுவார். தகப்பன் வருவாரெண்டது சரி வந்ததெண்டால் கண்டமும் சரி வருந்தானே, சுபா? அதுதான் அவற்றை கதை. நான் என்னத்தைச் சொல்லுறது?

— அவர் சொல்லுறதிலையும் ஞாயம் இருக்கு. எனக்கு எண்டாலும் பயம் பிடிக்கும்.

— ஓம்.

— எங்கடை பக்கத்து வீட்டு ஐயா சொல்லுவார், பிறந்த நேரம் பத்து நிமிசம் பிழைச்சாலே குறிப்பு முழுக்கப் பிழையாம், வேறை ஆற்றையோ பலனைப் படிக்கிற மாதிரியாம். செல் விழுகிற இடத்திலை, பங்கருக்கை, நேரம் குறிச்சது ஆர்?

— நான்தான்.

— நீங்களோ? அந்த நோவுக்கையோ?

— முன்னப்பின்னத் தெரியாத ஒரு அம்மாதான் தொப்பிள்கொடி அறுத்தவ. அவவின்ரை கையிலை ஆம்பிளையள் கட்டுற பெரிய மணிக்கூடு. பிள்ளையின்ரை குரல் கேட்டதும் நான் கேட்ட முதல் கேள்வி, மணி என்ன எண்டுதான். கையை என்ரை முகத்துக்கு நேரை திருப்பிக் காட்டினவ. ஆறு இருபது. வெளியிலை விடிஞ்சிருந்தது. மறக்கப்படாதெண்டு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தன். ஆறு இருபது, ஆறு இருபது, ஆறு இருபது.

— பிறகென்ன! ஆசுப்பத்திரியிலை பிறந்த பிள்ளையளுக்கே இப்பிடி நிமிசக் கணக்கிலை தெரியாது. வடிவான நேரம்.

— அண்ணை, மணி என்ன இப்ப?

— அஞ்சரை நிமிசம் இருக்கு. ஓடுதோ எண்டு கேக்காதேங்கோ, ஓடுது.

— காதிலை வைச்சுப் பாத்தனீங்களோ?

— உங்களுக்கென்ன விசரே? ஏன் இன்னும் கையை விடுறியளில்லை? குளிரோ?

— பயம் அண்ணை. கீழை கறுப்பாத் தெரிஞ்ச உடனை ஒரு நினைப்பு வந்திட்டுது. இதை நான் முடிச்சால் அவர் கையெழுத்து வைப்பார். நாளைக்கு அவள் தண்ணிக்கை இறங்குவாள். என்ரை கையாலைதான் இறக்கிவிடப் போறன். ஏதாவது நடந்தால்?

— ஒண்டும் நடவாது. குறிப்பு, கண்டம், எல்லாம் சும்மா எண்டு நினையுங்கோவன்.

— சும்மா எண்டால், அவர் வருவாரெண்டதும் சும்மாதானே? அதைப் பிடிச்சுக்கொண்டுதானே நான் ரெண்டு வருசம் உயிரோடை இருந்தனான். இப்ப இந்த வள்ளத்தைப் பிடிச்சிருக்கிற மாதிரி. வெள்ளை கட்டமாட்டன், என்ரை மனுசன் வருவார், குறிப்பிலை இருக்கு எண்டு சனத்தோடை சண்டை பிடிச்சனான்.

— அதுதான் மனுசன் வந்திட்டாரே!

— வந்திட்டார். அதுதான் கரைச்சல். வராமல் விட்டிருந்தால் அந்தக் குறிப்பை எப்பவோ அடுப்புக்கை வைச்சிருப்பன். அவர் வந்தபடியாலைதான் என்ரை பிள்ளை பதினாலு வருசமாப் பத்தடி தள்ளி நிக்கிறாள்.

— நீங்கள் சொல்லுறதைக் கேட்டால் அழுறதோ சிரிக்கிறதோ தெரியேல்லை. தங்கச்சி, நான் ஒண்டு சொல்லட்டே? கண்டமும் கிண்டமும் மகளுக்குத்தான். உங்களுக்கு இல்லை. இந்தத் தண்ணி உங்களை ஒண்டும் செய்யாது. நேரை அந்தப் பந்தைப் பாருங்கோ, கீழை பாக்காதேங்கோ.

— நான் அதுக்கு அழேல்லை அண்ணை. சொன்ன ஆபத்தெண்டால் கிணத்துக்கு வலை போடலாம். ஒருத்தரும் சொல்லாத ஆபத்துக்கு என்னத்தைப் போட்டு மூடுறது? அது எந்தப் பக்கத்தாலை வருமெண்டு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.

— விளங்கேல்லை. அதுதான் சாத்திரியார் விளக்கமா எழுதியிருக்கிறாரே.

— எழுதியிருக்கிறார்.

— கனிசியஸ் அண்ணை, மூண்டு நிமிசம்! கொடியைத் தூக்கவோ?

— தூக்காதை லோஜன்! இந்தா, வெளிக்கிடப் போறா... வெளிக்கிடுறியளோ, தங்கச்சி? பாருங்கோ, பிள்ளை தகப்பனைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்திட்டாள். பத்தடி எங்கை, விட்டால் பாய்ஞ்சிடுவாள். கையை ஆட்டுறாள்.

— தண்ணிக்குக் கிட்டவோ? அவர் ஏசேல்லையோ?

— அவர் குடையையும் விட்டிட்டு வாயைப் பிளந்துகொண்டு உங்களைத்தான் பாக்கிறார். சரி, கடைசியாச் சொல்லுறன். ரெண்டரை நிமிசம். இழுத்து அடிச்சியள் எண்டால் பிடிக்கலாம். ஏறுறியளோ, போறியளோ?

— போறன். மணிக்கூடு ஓடுதெல்லோ, அண்ணை?

— ஐயோ மாதாவே! நானும் வந்த நேரம் தொட்டுப் பாக்கிறன், மூச்சு வருதோ இல்லையோ உந்தக் கேள்வி மட்டும் வருது. உங்களுக்கும் மணிக்கூட்டுக்கும் அப்பிடி என்ன கோவம்?

— கையை விட்டிட்டன், பாருங்கோ. அவருக்குச் சொல்லுவனோ தெரியாது, உங்களுக்கு எண்டாலும் சொல்லிப்போட்டுப் போறன். பிள்ளை பிறந்த அண்டைக்குப் பின்னேரம், கஞ்சி வரிசையிலை, தொப்பிள்கொடி அறுத்த அந்த அம்மா எனக்கு முன்னாலை நிண்டவ. கையிலை மணிக்கூட்டைப் பாத்தன் அண்ணை, அப்பவும் ஆறு இருபதுதான்.