அவள் துடைத்த விடைகள்

கரும்பலகை துடைக்கும் துணியை நான் வாரம் ஒரு முறை துவைத்துவிடுவேன். சாக்பீஸ் தூள் ஏறிய துணி எதையும் துடைக்காது, இருப்பதைத் தீற்றிவிடத்தான் செய்யும். எங்கள் கூடத்தில் இருக்கும் பலகை, இழுத்து மூடப்போன ஒரு டியூஷன் சென்டரிலிருந்து நான் வாங்கி வந்தது. சின்னவள், என் தங்கை, தேர்வுக்குப் பழகட்டும் என்று நானே ஆணி அடித்து மாட்டினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்காக நான் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடவில்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

ஐயா, தேர்வுக் குழுத் தலைவர் என்ற முறையில் நீங்கள் அனுப்பிய குறிப்பு கிடைத்தது. முனைவர் பட்டத் தகுதித் தேர்வின் வாய்மொழிச் சுற்றில் என் தங்கை சரியான விடைகளைப் பலகையில் எழுதிவிட்டுத் தானே துடைத்துவிட்டாள், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம்.

துறையில் என்னைக் கருவி அறை அக்கா என்றுதான் எல்லோருக்கும் தெரியும். நிறமாலைமானிக்கு விளக்கு மாற்றுவது, வெற்றிடப் பம்புக்கு எண்ணெய் ஊற்றுவது, தேர்வில் தேறிய பிள்ளைகள் கெடுத்து வைத்ததைச் சரிசெய்வது என்று பதினான்கு வருடம் ஓடிவிட்டது. அதற்கு முன் நானும் இங்கே மாணவிதான். அதே அறையில், அதே பலகைக்கு முன்னால் நின்றவள். உங்களுக்கு நினைவிருக்காது. வருடத்துக்குப் பத்து முகம் பார்க்கிறவர் நீங்கள்.

வெப்பம் புகாத பெட்டி, நடுவில் ஒரு தடுப்பு, ஒரு பக்கம் இலட்சிய வாயு, மறுபக்கம் வெற்றிடம். தடுப்பை எடுத்தால் வெப்பநிலை என்ன ஆகும் என்று கேட்டீர்கள். மாறாது என்று எழுதினேன். "நிச்சயமா?" என்றீர்கள். அதட்டவில்லை, கையில் டீக் கோப்பையோடு சாதாரணமாகத்தான் கேட்டீர்கள். நான் துடைத்துவிட்டு, குறையும் என்று எழுதினேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால் முதலில் எழுதியதுதான் சரி. ஆறு மாதம் கழித்து இரண்டாவது வாய்ப்பிலும் இதே கதைதான். உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் கேட்டது ஒரே ஒரு சொல். அதற்கு இவ்வளவு பலமா என்ற வியப்பு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

சின்னவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலைவாரிவிட்டது நான், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது நான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு வருடமாக ஒரு பக்கம் அசையாது, பேச்சும் போய்விட்டது. கூடத்துக் கட்டிலில்தான் கிடக்கிறார். அவரைத் தூக்கிக் குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டும். நான் தோளைப் பிடிப்பேன், அவள் காலைப் பிடிப்பாள்.

போன வருடம் ஒரு மாலை அவள் வாயெல்லாம் பல்லாக வந்தாள். தேர்வில் தேறியதும் வேறோர் ஊரில் மூன்று வருட ஆய்வுக்கு இடம் தருகிறார்களாம்.

"அக்கா, நெனச்சே பாக்கல. அப்பாவ நீ பாத்துக்குவல்ல?"

"பாத்துக்கறேன்டி. நீ மொதல்ல தேர்வப் பாரு" என்றேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. களைப்பாக இருந்தது. எப்போதும் இருக்கிற களைப்புதான், அன்றைக்குக் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பயிற்சியைத் தொடங்கினோம். நான் நாற்காலியில், அவள் பலகையில். முறை மிகவும் எளிமையானது. தப்பாக எழுதினால் "சரி, மேல போ" என்பேன். சரியாக எழுதினால் மட்டும் "நிச்சயமா?" என்று கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். துடைத்தால், "ம், இப்பத்தான் யோசிக்கவே ஆரம்பிச்சிருக்க" என்று பாராட்டுவேன். முதல் மாதம் சண்டை போட்டாள். ஒரு நாள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நான் மொதல்ல எழுதினதுதான்க்கா சரி. நீதான் தப்புன்ன."

"தப்புன்னு நான் எப்பச் சொன்னேன்? நிச்சயமான்னுதானே கேட்டேன். உனக்கே நிச்சயமா தெரியாதது எப்படிச் சரியான பதிலாகும்?"

புத்தகத்தை மூடினாள். பிறகு மெல்ல, "நீ சொல்றதும் வாஸ்தவந்தான்" என்றாள். இதில் நான் சொன்ன பொய் எது என்று நீங்களே பாருங்கள். ஒரு பொய்கூட இல்லை.

அப்பாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. நான் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் அசைகிற கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். "அப்பாவுக்குத் தண்ணி வேணும் போல" என்பேன், அவள் ஓடிப்போய்க் கொண்டுவருவாள். அவர் அவளையே பார்த்தபடி குடிப்பார். கொஞ்ச நாளில் கட்டிலை உள் அறைக்கு மாற்றிவிட்டேன். படிக்கிற பிள்ளைக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாது அல்லவா.

மூன்றாம் மாதம் வாக்கில் அந்தச் சந்தேகம் பலகையை விட்டு இறங்கி வீடெங்கும் நடமாட ஆரம்பித்தது. பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள், போய்விட்டு வந்து மறுபடி இழுப்பாள். அப்பாவின் மாத்திரையை மூன்று முறை எண்ணுவாள். பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டு அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவாள். அதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை. ஒரே ஒரு முறை, அவள் அணைத்துவிட்டுப் போன அடுப்பை நான் மறுபடி பற்றவைத்தேன். சிம்மில்தான் வைத்தேன். மூச்சிரைக்க ஓடிவந்து அதைப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. தலையைத் தடவி, காபி போட்டுக் கொடுத்தேன்.

தேர்வன்று கருவி அறையில் எனக்கு வேலை. எதிரே உங்கள் கதவு, அதில் ஒரு சாண் கண்ணாடி. பலகையில் அவள் வரைந்ததைப் பார்த்தே தெரிந்தது, நீங்கள் அதே பெட்டியை, அதே வாயுவைத்தான் கேட்டீர்கள். மாறாது என்று எழுதினாள். நீங்கள் ஏதோ கேட்டீர்கள், துடைத்தாள். அடுத்ததையும் துடைத்தாள். கடைசியில் நீங்கள் வாயைத் திறக்கவே இல்லை, பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே துடைத்தாள். நான் பம்புக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டேன்.

அன்று மாலை என் மடியில் தலை வைத்து அழுதாள். "நீ இல்லன்னா இந்த அளவுக்குக்கூட வந்திருக்க மாட்டேன்க்கா" என்றாள். பிறகு இருவருமாக அப்பாவைக் குளிப்பாட்டினோம். அவர் தண்ணீரைத் தட்டிவிட்டார்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: வீட்டில் இருந்த பிரச்சினை நான்தான். இதை எழுதிவிட்டால் களைப்பு குறையும் என்று நினைத்தேன், அப்படி ஒன்றும் குறையவில்லை. அவளுக்கு இரண்டாவது வாய்ப்பைக் கொடுங்கள். என்ன இருந்தாலும் என் தங்கை. இந்த முறை முறையாகச் சொல்லிக்கொடுப்பேன். அந்தச் சொல்லை இனி வாயால் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலை ஐந்து மணிக்கு ஆரம்பிக்கலாமா என்று அவளே கேட்டாள். துணியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் காட்டுங்கள். படித்துவிட்டு நேரே என்னிடம்தான் வருவாள். "அக்கா, எல்லாம் நீதான் பண்ணினியா?" என்பாள். நான் அவள் முகத்தைப் பார்த்து, நிச்சயமா என்று மட்டும் கேட்பேன்.