தாண்டவராயன் அண்ணன் வாங்காமல் போன டிரம்ஸ்

மேடையில் இருக்கும் இசைக் கலைஞர் சங்கத் தலைவர் பலராமன் அவர்களே, அண்ணனின் துணைவியார் ராஜம்மா அண்ணி அவர்களே, ஷிப்ட் முடிந்து சீருடையோடு மறைமலை நகரிலிருந்து நேராக வந்திருக்கும் தம்பிமார்களே, சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம். நான் ரூத். நம் மெல்லிசைக் குழுவின் பாடகி.

'தாளமணி' தாண்டவராயன் நம்மை விட்டுப் போய்விட்டார். ரயில்வே பார்சல் ஆபீஸில் சம்பளம் வாங்கினார். ஆனால் யாராவது அவரைப் பார்சல் ஆபீஸ்காரர் என்று சொன்னோமா? டிரம்ஸ்காரர் என்றுதானே சொன்னோம்?

"அமெரிக்கா செட்டுண்ணே" என்று ஞாயிற்றுக்கிழமை யாராவது வீட்டுக்கு டிரம்ஸைக் கொண்டுவந்தால் அண்ணன் சும்மா விடமாட்டார். "பேர இங்கிலீஷ்ல போட்டா அமெரிக்காவா? கழட்டு. உள்ள இன்னா மரம் கீதுன்னு பாக்கலாம்" என்பார். உள்மரத்தைப் பார்ப்பார். தோலை இறுக்கும் திருகு ஏறுகிற காதுகளைத் தடவுவார். கம்பெனிப் பெயர் பொறித்த தகட்டைத் துடைப்பார். ஜப்பானில் செய்ததா, எந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார். வந்தவர் முகம் வாடினால், "ஜப்பான்காரன் செஞ்சா சத்தம் வராதா? தட்டிப் பாரு" என்று குச்சியைக் கையில் கொடுப்பார். ஒரு கல்யாணத்தில் மைக்கையே பிடுங்கி, "அறிவிப்பாளர் தப்பா சொல்லிட்டாரு, இது ஜப்பான் டிரம்ஸ்" என்று திருத்தினார். தலைவர் பலராமன் சிரிக்கிறார். அந்த அறிவிப்பாளர் அவர்தான்.

இந்த வித்தையால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டவர்கள் உண்டு. நான் சொல்கிறேன்.

என் கணவர் லாசர் அறுபத்தொன்றில் கப்பலில் சமையல் வேலைக்குப் போனார். அறுபத்துமூன்றில், பினாங்கில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டதாகக் கூட வேலை பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். எங்கள் சபையில் நினைவு ஆராதனை நடந்தது. சில வருஷம் கழித்து அதே ஆட்கள் ஒரு டிரம்ஸ் செட்டை வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். "சாவறதுக்கு முன்னாடி உனக்குன்னு வாங்கி வெச்சாரும்மா. குடோன்ல கெடந்துது. வித்துப் பொழச்சிக்கோ" என்றார்கள். பெரிய டிரம்மின் முன்தோலில் நீலப் பெயிண்டில் 'ரூத்' என்று எழுதியிருந்தது. அவர் கையெழுத்து. எப்படி விற்பேன்? போர்வை போட்டு மூடினேன்.

எழுபத்தொன்றில் வேறு வழியில்லாமல், விற்கலாம் என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். அண்ணன் வந்தார். குழுவின் பழைய டிரம்ஸ் உடைந்து, கல்யாண சீசனுக்கு வாத்தியமே இல்லாத நேரம் அது. போர்வையை எடுத்ததும் அவர் முகம் மலர்ந்தது. கழற்றினார், திருப்பினார், தகட்டைத் துடைத்தார். பிறகு அந்த மலர்ச்சியைக் காணோம்.

"உங்க வூட்டுக்காரர் எந்த வருஷம்மா தவறினாரு?"

"அறுபத்துமூணு."

"இந்தப் பேரு அவரே எழுதனதா?"

"அவர் கைதாங்க."

எல்லாவற்றையும் பழையபடி பூட்டினார். "நான் வர்ற வரைக்கும் யாருக்கும் குடுத்துடாதம்மா" என்று போய்விட்டார்.

மெட்ராசுக்குப் போய், அதே கம்பெனிப் பெயருள்ள செட்டுகளைத் தேடியிருக்கிறார். ஓட்டல் பேண்டில் ஒன்று, பெரம்பூர் கிளப்பில் ஒன்று. அறுபத்தாறில் வாங்கியதில் தகடு வேறு மாதிரி இருந்தது. என் வீட்டில் இருந்த மாதிரித் தகடு அறுபத்தேழில் வந்த சரக்கில்தான் முதலில் வந்தது என்று மவுண்ட் ரோடு கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வரும்போது அண்ணியையும் அழைத்து வந்தார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன்தான் சொன்னார்.

"தங்கச்சி, இந்த டிரம்ஸ் அறுபத்தேழுக்கு முன்னால பொறக்கவே இல்ல. தோல்லயும் அதே புது முத்திரதான் கீது. அதும்மேலதான் பெயிண்ட் ஏறிக்கீது. உம் பேர எழுதன கை அறுபத்தேழுலயும் உசுரோட இருந்துக்கீதும்மா."

"செத்தவர வெச்சி வெளாடாதீங்க" என்று கத்தினேன். சபைப் பெரியவர்களும் கண்டித்தார்கள். பொய்யாகிப் போனால் அந்தப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது என்றார்கள். அண்ணனுக்கும் அந்தப் பயம் இருந்தது. பேசாமல் வாங்கிக்கொண்டு போயிருந்தால் அவருடைய சீசன் பிழைத்திருக்கும். ஏன் வாங்கவில்லை? பின்னாளில் கேட்டேன். "தெரிஞ்சிடுச்சே தங்கச்சி. தெரிஞ்சப்புறம் அத வெச்சி எப்டி வாசிக்கறது?" என்றார்.

லீவு கிடைத்தபோதெல்லாம் துறைமுகத்துக்குப் போய் மாலுமிகளை விசாரித்தார். டிரம்ஸ் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அகப்பட்டார். அவர் உண்மையைச் சொன்னார். கப்பல் சமையலறையில் எண்ணெய் தீப்பிடித்து என் கணவரின் முகம் வெந்துபோயிருந்தது. இந்த முகத்தோடு ஊருக்கு வரமாட்டேன், செத்துட்டேன்னு சொல்லிடுங்க என்று அவரே சொல்லி அனுப்பியிருக்கிறார். பினாங்கில் ஒரு கிளப்பில் டிரம்ஸ் கற்றுக்கொண்டு, வாசித்துப் பிழைத்திருக்கிறார். நான் விற்றுப் பிழைக்கட்டும் என்று அந்தச் செட்டையும் அவரேதான் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அண்ணன் ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பினார். அடுத்த வருஷம் கப்பல் வந்தது. என் கணவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு இறங்கினார். "எதுக்கு மூடிக்கினு கீற? எடு" என்றேன். எடுத்தார். பார்த்தேன். "சாப்ட்டியா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

டிரம்ஸை அண்ணனுக்கே கொடுக்கப் போனோம். அவர் வாங்கவில்லை. தன் இடத்தில் லாசரை உட்காரவைத்துவிட்டு, தான் கையால் தட்டும் பாங்கோஸுக்கு மாறினார். என்னையும் பாட அழைத்தார். "வாத்தியம் கேக்கப் போனேன். வாசிக்கறவரும் பாடறவங்களும் சேந்து கெடச்சாங்க" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அன்று முதல் எத்தனை மேடைகள், எத்தனை ஊர்கள். அப்படிப்பட்டவருக்கு நாம் செய்யக்கூடியது என்ன? அவர் வேலை நிற்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் டிரம்ஸ் பார்ப்பது நிற்காது. லாசர் பார்ப்பார், நான் கூட இருப்பேன். இது எங்கள் உறுதி.

ஒரகடத்திலிருந்து போன வாரம் ஒரு செட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன அன்பர் இங்கே இருக்கிறாரா? அண்ணன் அதைப் பார்ப்பதற்குள் படுத்துவிட்டார். இருக்கிறீர்களா? நல்லது. கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். அண்ணி உங்களுக்கும் சேர்த்துக் காபி போடச் சொல்லியிருக்கிறார். கழற்றிப் பார்த்துவிடலாம்.