மொஹிராவின் கை

மொஹிரா இழுக்கும் லக்மான் நூடுல்ஸ் ஓஷ் நகரில் வேறெங்கும் கிடைக்காது, தம்பி. மாவை இரண்டு கையிலும் பிடித்து மேசையில் அறைந்தால் நூல்நூலாகப் பிரியும். சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சாப்பாட்டுக் கடையே அவள் கையை நம்பித்தான் ஓடியது.

மூத்த மருமகளும் நன்றாகத்தான் இழுத்தாள். கர்ப்பமானதும் ஆட்டுக்கொழுப்பு வாடை ஆகாமல் வாந்தியெடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தது பிள்ளையோடு; கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே இளையவன் ஒய்பெக்குக்கு மொஹிராவைக் கட்டி வைத்ததும், கருத்தடை மாத்திரையைப் பொடித்து அவள் காலைத் தேநீரில் கலந்தேன். தேநீரை என் கையாலேயே ஊற்றிக் கொடுப்பேன். இப்படி ஒரு மாமியாரா என்று அக்கம்பக்கத்தில் பொறாமைப்பட்டார்கள்.

மாத்திரையில் ஒரு தொல்லை. நாள் தவறக் கூடாது. அவள் தாய்வீடு போனால் எனக்குத் தூக்கம் வராது. நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தங்கை, கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியைப் பற்றிச் சொன்னாள். வைத்துவிட்டால் மூன்று வருடம் கவலையில்லையாம். மாவு இழுக்கிற கைக்கு வலுவூட்டும் மருந்து என்று மொஹிராவிடம் சொன்னோம். அவள் என் கையை எடுத்து முத்தமிட்டாள்.

பிள்ளையில்லாத குறை அவளை வாட்டியது உண்மைதான். கல்யாண வீடுகளில் மணப்பெண்ணின் மெத்தையைத் தொட விடமாட்டார்கள். ஒய்பெக் வேறு பெண் பார்க்கச் சொன்னான். நான்தான் அவனை அடக்கினேன். நான்தான் அவளைச் சுலைமான் மலைக்குக் கூட்டிப் போனேன். பிள்ளை வேண்டும் பெண்கள் சறுக்கும் பாறையில் அவளைச் சறுக்க வைத்து, கீழே நின்று கண்ணீர் விட்டு வேண்டினேன்.

போன மாதம் அப்படிச் சறுக்கும்போதுதான் அவள் கை பாறையில் உராய்ந்து கிழிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட டாக்டரம்மா, தோலுக்கடியில் ஏதோ தட்டுப்படுகிறதே என்று அழுத்திப் பார்த்திருக்கிறாள். வேண்டுதல் வீண் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மொஹிரா வந்து என் எதிரே உட்கார்ந்தாள். கையிலிருந்து எடுத்த குச்சியை மேசையில் வைத்தாள்.

"அத்தை, இது என்னன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"அப்போ மலையில எதுக்கு அழுதீங்க?"

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடையை மூட வைத்தாள், என் மகனை விட்டுப் போனாள், உங்களிடம் புகாரும் கொடுத்தாள், சரி. என் அழுகையைச் சந்தேகப்படலாமா?

குச்சி வைத்தது நான்தான், மாத்திரையும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பேரப்பிள்ளை வேண்டுமென்று ஒவ்வொரு முறையும் மனமுருகித்தான் கேட்டேன். கொடுக்க நினைத்திருந்தால் இறைவனுக்கு அந்தக் குச்சி ஒரு தடையா? அவர் கொடுக்கவில்லை. நீங்களோ என்னை மட்டும் இங்கே உட்கார வைத்து விசாரிக்கிறீர்கள்.